குழியா, மேடா

செவ்வாய்க்கிழமை எனக்குக் கட்டு நாள். மானாம்பதி பக்கத்தில் மூன்று ஊர்ப் பாதைகள் சேரும் இடத்தில் ஒரு புளியமரம் நின்றது. காலை ஒன்பதரைக்கு அதனடியில் சைக்கிளை நிறுத்துவேன். கேரியரில் தகரப் பெட்டி. அதற்குள் காஸ் துணி, பஞ்சு, ஜென்ஷன் வயலட், கத்தரிக்கோல். ஹேண்டில்பாரில் இரண்டு பிளாஸ்டிக் பேசின் தொங்கும். நான் போவதற்குள் ஆறேழு பேர் வேர்மேல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் காலிலும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிய கட்டு. அடிபம்பில் தண்ணீர் அடித்துவந்து, இரண்டிரண்டு பேராக இருபது நிமிஷம் காலை ஊறவைக்கச் சொல்வேன். மருந்தெல்லாம் பிறகுதான். ஊறிய காலில் தடித்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். ஊறிய ஈரத்தை எண்ணெய் உள்ளேயே பிடித்துவைக்கும். தினமும் இப்படிச் செய்கிற கால் வெடிக்காது. வெடிக்காத தோலில் அத்தனை சுலபமாகப் புண் வராது. புண்ணே இல்லாத இடத்தில், நான் இங்கே முதலில் சொல்லப்போகிற புற்றும் வராது.

1986ல் தொழுநோய்க் களப்பணியாளராகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் உத்திரமேரூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது; காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997ல். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் எனக்குப் பயிற்சி. அங்கே இருந்த பழைய லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரியை 1955ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக்கியிருந்தது. நாட்டிலேயே தொழுநோய் அதிகமாக இருந்த பகுதிகளில் எங்கள் மாவட்டமும் ஒன்று. ஊருக்குள் போனால் 'தேமல் பாக்கிறவரு வந்துட்டாரு' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக வெயிலில் நிறுத்துவோம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் முதுகில் தொடுவோம். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தேமல்மேல் தொட்டது தெரியாமல் பையன் சும்மா நின்றால் எங்களுக்கு வயிறு பிசையும்.

அந்த வேலை எனக்குத் தோலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. முதல் பாடம் வெளிச்சம். டியூப் லைட்டில் தோலைப் பார்க்காதே, உச்சி வெயிலிலும் பார்க்காதே என்றார் பயிற்சி கொடுத்த ஆசிரியர். காலை ஏழு, எட்டு மணி வெயில் சாய்வாக விழும். நிறம் மங்கிய தேமலும், விளிம்பில் கொஞ்சம் தடித்த தோலும் அந்த வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புரிய நேரமே ஆகவில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919லும் 921லும் வெட்டியது. மத்தியானம் போனால் வெறும் கல்லாகத் தெரியும். சாய்வெயில் பட்டால் எழுத்து எழுந்து நிற்கும். தோலும் அப்படித்தான்.

இரண்டாவது பாடம், வலி ஒரு காவல்காரன் என்பது. தொழுநோய்க் கிருமி நரம்பில் குடியேறிக் கையையும் காலையும் மரத்துப்போகச் செய்கிறது. விரல் மழுங்குவதும் பாதத்தில் குழி விழுவதும் கிருமி நேரே தின்பதால் அல்ல. முள் குத்தினால் தெரியாது, தார் ரோட்டின் சூடு தெரியாது, குத்திய முள்மேலேயே மூன்று நாள் நடப்பார்கள். இதைத் தெளிவாகச் சொன்னவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் பால் பிராண்ட். 1947ல் அவர் திருமணிக்கு வந்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலி தாங்காமல் கத்திவிட்டார். செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கையில் அத்தனை பலம் இருந்தது. இல்லாமல் போனது உணர்ச்சி மட்டும்தான். கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைகள் பிறகு வேலூரில் வளர்ந்தன. மரத்த பாதத்துக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும் வேலூர், கரிகிரி வட்டாரத்திலிருந்து எங்களுக்கு வந்தது. அடியில் ஆணி அடிக்காத செருப்பு. ஆணி மேலே வந்து குத்தினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது என்பதற்காக. பின்னால் வார் உண்டு. கழன்று விழுந்தாலும் தெரியாதே. அந்தக் கருப்புச் செருப்பைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் நோயை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதனால் பலர் வீட்டு வாசலில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தார்கள். இது என்னை நெடுநாள் வருத்திய விஷயம். பாதத்தைக் காப்பாற்றக் கொடுத்த செருப்பை மானத்தைக் காப்பாற்றக் கழற்றினார்கள்.

1980களில் கூட்டு மருந்து வந்தது. அட்டை அட்டையாக மாத்திரை. சிறுநீர் சிவப்பாகப் போகும், உடம்பு கறுத்துப்போகும். 'சார், இந்த மாத்திரை என்னக் கரியாக்குது' என்று பெண்கள் அழுவார்கள். ஆனாலும் கிருமி சாகும். ஆயிரக்கணக்கானோர் குணமானார்கள். 2005 டிசம்பரில், நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் தொழுநோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. எங்கள் ரிஜிஸ்டரில் அதற்கு வெகு முன்பே பெயருக்கு எதிரே 'குணம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போட ஆரம்பித்திருந்தோம். ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது. ரிஜிஸ்டரில் பெயர் அடிபட்டவரின் பாதத்தில் புண் அப்படியே இருந்தது. ஐந்து வருஷப் புண், பத்து வருஷப் புண், சிலருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வந்த புண்.

இனிச் சொல்லப்போவது என் தப்பு.

புளியமரத்தடிக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒரு தாத்தா இருந்தார். ஏரி மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. வலது குதிகாலில் புண். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது என்பார். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். குழிப்புண் அது. ஓரம் வெள்ளையாகத் தடித்து, நடுவில் விரல் நுனி போகிற அளவு பள்ளம். வாரா வாரம் கழுவி, தடித்த ஓரத்தைச் சீவி, காஸ் வைத்துக் கட்டுவேன். என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே எப்போதும் ஒரே வரி: 'புண், பழையது.'

1994 கோடையில் அந்தக் குழி நிறைய ஆரம்பித்தது. உள்ளேயிருந்து சிவப்பாகச் சதை எழுந்துவந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறுகிற புண்ணிலும் இப்படித்தான் சிவந்த சதை வரும். 'தாத்தா, நல்லா சதை பிடிக்குது, இந்த வருஷம் ஆறிடும்' என்றேன். அவரும் சிரித்தார். ஆடி மாதம் அந்தச் சதை தோல் மட்டத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டது. சதை மிஞ்சி வளர்ந்தால் துத்தம் வைத்து எரிப்பது எங்கள் வழக்கம். வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் பெரிதாக இருந்தது. காலிஃபிளவர் பூப்போல மொட்டு மொட்டாக. பஞ்சு பட்டாலே ரத்தம் கசிந்தது. கட்டு ஒரே நாளில் ஊறி நாறியது. அந்த நாற்றம் எனக்குப் பழகிய சீழ் நாற்றம் இல்லை, அதைவிடக் கனமானது. மூக்கு சொன்னதை நான் கேட்கவில்லை. வெயில் காலம், ஈ மொய்க்கிறது, ஏரிச் சேறு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவரே சொன்னார்: 'தம்பி, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. அழுத்துனா கல்லாட்டம் இருக்கு.'

காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது சகஜம்தான். ஆனால் சாதாரண நெறி வலிக்கும், இளகலாக இருக்கும், பத்து நாளில் வடியும். இது கல். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் புண்ணை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, காரைப்பேட்டைக்குச் சீட்டு எழுதினார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காரைப்பேட்டை என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். காஞ்சியில் பிறந்து முதலமைச்சராக இருக்கும்போதே உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்த அண்ணாவின் பெயரில், அவர் மறைந்த 1969ல் தொடங்கியது. புண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஊரில் 'கத்தி பட்டா பரவிடும்' என்ற பயம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சதை எடுப்பதால் பரவுவதில்லை. எடுக்காமல் மாதக்கணக்காகக் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் பரவுகிறது. கட்டுப் போட்டவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். முடிவு வந்தது: தோல் புற்று. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நெறியையும் எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார்: 'அந்தக் கால் இருந்தவரைக்கும் எனக்கு வலிச்சதே இல்ல தம்பி. இப்ப இல்லாத காலு வலிக்குது.' நான் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும் வரும் இந்தப் புற்றுக்கு ஜான் நிக்கோலா மார்ஜோலின் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். தழும்பில் எழும் இப்படிப்பட்ட புண்களைப் பற்றி அவர் 1828ல் எழுதினார். பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. வெட்டி மூடிய வரப்பு மறுபடி மறுபடி உடைந்தால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மண் போட்டுக்கொண்டே இருப்போம் அல்லவா? உடம்பும் ஆறாத புண்ணின் ஓரத்தில் வருஷக்கணக்காகப் புதிய செல்களைச் செய்து போட்டுக்கொண்டே இருக்கிறது. செய்யும் லட்சக்கணக்கில் எங்காவது ஒன்று தடம் மாறுகிறது. தழும்புச் சதையில் ரத்த ஓட்டம் குறைவு, காவல் செய்யும் அணுக்களும் அங்கே சரியாக வருவதில்லை. தடம் மாறியதைத் தடுக்க ஆள் இல்லை. இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட வரும். அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். முப்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய புண் புதிதாக என்ன செய்துவிடப்போகிறது என்று தோன்றுகிறது.

தாத்தா போன பிறகு நான் என் வழக்கத்தை மாற்றினேன். 'புண், பழையது' என்று எழுதுவதை நிறுத்தினேன். கழுவிக் காயவைத்த பால் கவரை வெட்டி ஸ்பிரிட்டால் துடைத்து, புண்மேல் லேசாக வைத்து, ஓரம் போகிறபடியே பேனாவால் வரைவேன். தேதி, பெயர், எந்தக் கால் என்று எழுதி, கவரில் புண் பட்ட பக்கத்தை மறுபடி துடைத்து நோட்டுக்குள் வைப்பேன். அடுத்த மாதம் இன்னொரு கவர். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தால் புண் சுருங்குகிறதா, விரிகிறதா என்று படிக்காதவருக்கும் தெரியும். கவர் ஓரத்தில் ஒரு சொல் எழுதுவேன்: குழி, அல்லது மேடு. மரத்த காலின் சாதாரணப் புண் உள்ளே போகும், குழி. கெட்ட புண் பெரும்பாலும் மேலே எழும், ஓரம் உருண்டு வெளிப்பக்கம் மடங்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். எல்லாக் கெட்ட புண்ணும் மேடாகத்தான் வரும் என்றில்லை. அதற்குத்தான் விரலால் ஓரத்தை அழுத்திப் பார்ப்பது. மேடு என்று ஒரு முறை எழுதினால் அடுத்த செவ்வாய் வரை காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே டாக்டர். பிறகு வந்த வருஷங்களில் இப்படி மூன்று பேரை அனுப்பினேன். இருவருக்குப் புற்று என்றே வந்தது. ஒருவருக்கு விரலும் இன்னொருவருக்குக் குதிகால் சதையும்தான் போயின. கால் போகவில்லை.

அந்த இருவரில் ஒருவருக்குத் தொழுநோயே கிடையாது. சின்ன வயதில் வைக்கோல் போர் தீப்பிடித்துக் காலில் வெந்த தழும்பு. முழங்காலுக்குப் பின்னால் தொடங்கிக் குதிகால் வரை தோல் இறுகிப்போயிருந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் வெடிக்கும், காயும், மறுபடி வெடிக்கும். நெருப்புக் காயத் தழும்பு, பாம்பு கடித்து அழுகி ஆறிய இடம், நரம்பு முடிச்சால் வரும் கணுக்கால் புண், எலும்பிலிருந்து சீழ் வடியும் துளை எல்லாம் ஒரே குடும்பம் என்று அதற்கப்புறம்தான் என் மண்டையில் ஏறியது. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் புதிதாகத் தொழுநோய் வருகிறவர்கள் குறைவு. மரத்த கால் மட்டும் குறையவில்லை. அது சர்க்கரையால் வருகிறது. பேசினில் கால் ஊறவைப்பதை நான் இப்போது சர்க்கரை உள்ளவர்களுக்கும் எச்சரிக்கையோடு சொல்கிறேன். தண்ணீர் சுடக்கூடாது, மரத்த காலால் சூடு பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். ரொம்ப நேரம் ஊறக்கூடாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது, அங்கே எண்ணெயும் வேண்டாம். புண் ஏற்கெனவே இருந்தால் ஊறவைப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தோல் புற்று என்றதும் பத்திரிகைகளில் வெயிலைப் பற்றியும் அதற்குத் தடவும் கிரீமைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். வெள்ளைத் தோல் உள்ள நாடுகளில் அது முழு உண்மை. ஆஸ்திரேலியாவில் பல பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் தொப்பி இல்லாமல் வெளியே விளையாட முடியாது. நம் தோலில் இருக்கும் கருமை வெயிலின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் நமக்கு மொத்தத்தில் தோல் புற்று குறைவு. குறைவு என்பதை 'வராது' என்று படித்துக்கொண்டதுதான் பிசகு. நமக்கு வருவது வெயில் படாத இடங்களிலும் வருகிறது. உள்ளங்காலில், நகத்துக்கடியில், பழைய தழும்பில், இடுப்பில்.

இடுப்பு என்றது பலருக்கு வியப்பாக இருக்கும். 1945ல் பம்பாயில் கானோல்கர், சூர்யாபாய் என்ற இரு ஆய்வாளர்கள் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி எழுதினார்கள். 2024ல் மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் இரண்டு முதிய பெண்களுக்கு உள்பாவாடை நாடா அழுத்திய இடத்தில் வந்த புற்றை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது அபூர்வம், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வயல் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த கோடு இருக்கிறது என்பார். வேர்வையும் உமியும் சேர்ந்து அங்கே அரிக்கும், சொறிவார்கள், தோல் உரியும். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள் என்று எங்கள் கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் பெண்கள் கேட்டார்கள். நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டார்கள், நான் சொல்லவும் முடியாது.

வெயிலால் உண்மையிலேயே உயிர் ஆபத்து உள்ளவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஆய்வில் அப்படி ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன், ஆறாம் வகுப்பு. 'வெள்ளைக்காரி' என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மூக்கிலும் காது மடலிலும் தோல் உரிந்து ரணமாக இருந்தது. பிரேயருக்கு எல்லாரோடும் வெயிலில் நின்று, விளையாட்டு வகுப்பிலும் வெயிலில் நின்று வந்தது. அந்தத் தோலுக்குக் காவலே கிடையாது. இருபது, முப்பது வயதிலேயே முகத்தில் புற்று வரலாம். தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசினேன். பிரேயருக்கு வராந்தாவில் நிற்கவும், முழுக்கை சட்டை போடவும், குடை கொண்டுவரவும், போர்டு தெரியாததால் முதல் பெஞ்சில் உட்காரவும் அன்றைக்கே ஏற்பாடு செய்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வெயிலுக்குத் தடவும் அந்த கிரீம் அழகுப் பொருள் அல்ல, மருந்து. அந்தப் பெண் இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். முகத்தில் ஒரு வடு இல்லை.

நம்மில் மற்றவர்களுக்கு, நடவு நடும் பெண்கள் புடவைமேல் வீட்டு ஆம்பிளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறார்களே, அது போதுமான காவல். அதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. அறுபது தாண்டியவர்கள் மூக்கோரத்திலும் கண்ணிமைக்குக் கீழும் புதிதாக வரும் மினுமினுப்பான மச்சத்தைக் கவனிக்க வேண்டும். மேலே பொருக்குத் தட்டி, விழுந்து, ரத்தம் கசிந்து, ஆறினதுபோல் இருந்து மறுபடி வந்தால் அது பரு அல்ல.

இனி நடவு நட்ட பெரியம்மாவைப் பற்றி.

தொழுநோய்த் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைந்த பிறகு நான் எல்லா நோய்க்கும் ஊர் ஊராகப் போகிறவனாகிவிட்டேன். 2009 தை மாதம், அறுவடை சமயம். ஒரு பெரியம்மா களத்துமேட்டில் உட்கார்ந்து பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சேற்றுப்புண்ணா என்று பார்க்கக் காலைக் காட்டச் சொன்னேன். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. குதிகாலுக்கு முன்னால் உள்ளங்காலில் கறுப்பாகவும் ஏதோ இருந்தது. 'அது கால் ஆணி தம்பி. சந்தையில ஒருத்தர் பிளேடால சீவுனாரு, சேங்கொட்டை வச்சாரு. எருக்கம்பால் விட்டேன். போவல' என்றார்.

கால் ஆணிக்கு நடுவில் கண் இருக்கும், அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும், நிறம் மஞ்சள் பாரித்த வெள்ளை. இது வலிக்கவே இல்லை. காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெயில் பக்கம் திருப்பினேன். ஈரத் தாளில் மை சொட்டினால் ஓரம் எப்படி ஊறிப் பரவும், அப்படி இருந்தது. ஒரு பக்கம் கன்னங்கரேல், ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் கொஞ்சம் சாம்பல். என் பென்சிலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தேன். அதைப்போல இரண்டு மடங்கு. 'எம்மாம் நாளா இருக்கு பெரியம்மா?' 'போன வருஷம் மிளகு மாதிரி இருந்துச்சு.'

எங்களுக்கு மெலனோமா என்று வகுப்பில் ஒரே ஒரு படம் காட்டினார்கள். அந்தப் படம் அப்படியே இங்கே இருந்தது. நிறம் செய்யும் செல்களிலேயே வரும் புற்று. வெள்ளைத் தோலர்களுக்கு முதுகிலும் காலிலும் வருவது, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்கடியில் வந்தது. கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981ல் 36 வயதில் இறந்தார். நகத்தில் கறுப்புக் கோடு நம் ஊரில் பலருக்கு உண்டு, பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரே விரலில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைத் தாண்டிச் சதையிலும் கறுப்பு இறங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

பெரியம்மா வர மறுத்தார். அறுப்பு முடியட்டும், பேத்திக்குக் காது குத்து. நான் மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்றாம் நாள் தாத்தாவின் கதையைச் சொன்னேன், என் தப்பு உட்பட. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'பஸ் எத்தன மணிக்கு?' என்று கேட்டார்.

உள்ளங்கால் சதையைச் சுற்றிலும் தாராளமாக எடுத்துவிட்டுத் தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள். நெறியில் பரவவில்லை. மெலனோமாவில் ஆழம்தான் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், இறங்கிவிட்டால் கை மீறிவிடும். எத்தனை மில்லிமீட்டர் என்று சதைச் சோதனை அறிக்கையைப் படித்துச் சொன்ன இளம் டாக்டர் என்னைப் பார்த்து, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் பெரியம்மாவைக் காட்டினேன். சொறிந்தது அவர்தானே.

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. இப்போது 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணிடம், மாத்திரை கொடுத்த கையோடு செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடம்மா என்று கேட்டுக்கொண்டேன். பால் கவரில் வரைவதையும் காட்டினேன். அவள் அதற்குப் பதில் போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடு, அளவு தெரியும் என்றேன்.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். காலை ஏழு மணி. கிழக்குப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்பே வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார். பேத்தி போன் டார்ச்சை அடித்தாள். அதை அணைக்கச் சொல்லிவிட்டுப் பாதத்தைக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பினேன். ஒட்டின தோலின் ஓரத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், மெத்தென்றிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்குகளைப் பார்த்தேன். அப்புறம் மடித்த முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கில் தொட்டுப் பார்க்கப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

'எழுதல?' என்றார் பெரியம்மா.

நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். குழி இல்லை. மேடு இல்லை.